மாடிப்படி இல்லாத வீடு

என் தங்கை மகளுக்கு ஐம்பத்தோரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள். சட்டத்தில் லென்ஸ் பொருத்துவது, தளர்ந்த திருகை முறுக்குவது, மூக்கில் சரியாக உட்காராத சட்டத்தைச் சூடு காட்டி வளைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. அதனால் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் முறுக்குவாள். புதிதாக வருபவர்கள் அதை ஏதோ தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடையில் அவளுக்கு வாய் நீளம். கண்ணாடி தொலைந்துவிட்டது என்று பதறி வந்த ஒருவரிடம், "தலைமேல ஏத்தி வச்சிருக்கீங்களே சார், அங்கெல்லாம் நான் பவர் போட முடியாது" என்றாளாம்.

குடும்பத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் சிறுமியாக இருந்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது. காலடிச் சத்தம் கேட்டால் அவள் அப்பாவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். அதுவும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

சென்ற வருடம் கடையில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தினார்கள். அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு வாரம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்கத் தொடங்கினாள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவள் அம்மா ஒரே ஒரு தடவை "ஆமாம், நடந்தது" என்று சொல்ல வேண்டும்.

என் தங்கையோ, "நீ மாடிப்படில விழுந்துதான்டி கை ஒடிஞ்சுது. எத்தனை தடவ சொல்றது?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அதனால் அவள் என்னிடம் வந்தாள். அரசு மருத்துவமனையின் நோயாளிகள் சேர்க்கைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான்.

"மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரில எழுதின பதிவேடு இன்னும் இருக்குமா?"

"கேஸ் ஷீட்டப் பத்து வருஷத்துல அழிச்சிருவாங்க. சேர்க்கைப் பதிவேட்டத் தொடமாட்டாங்க."

"அதுல என்ன எழுதியிருக்கும்?"

"போய்ப் பாக்கலாம்" என்றேன். என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் கொடுத்துப் பதினேழு நாளில் நகல் வந்தது. வியாழக்கிழமை, மாலை நான்கு இருபது. சிறுமி, வயது ஒன்பது. இடது மணிக்கட்டு முறிவு. காரணம் என்ற கட்டத்தில், 'மாடிப்படியிலிருந்து விழுந்தது.' கையெழுத்து என்னுடையது.

இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் 'உடன் வந்தவர் கூறியபடி' என்று எழுதிவிட்டுத்தான் காரணத்தை எழுத வேண்டும். நாங்கள் எதையும் கண்ணால் பார்த்தவர்கள் அல்ல, கேட்டதை எழுதுகிறவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் அந்த மூன்று சொற்களை எழுதியவன், அன்று எழுதவில்லை. உடன் வந்தவள் என் சொந்தத் தங்கை. அவளை நிற்க வைத்துக்கொண்டு 'கூறியபடி' என்று எழுதினால் அவள் பேச்சை நம்பாதது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் குடியிருந்தது தரையோடு தரையாக மூன்று அறைகள் கொண்ட ஓட்டு வீடு. வாசற்படி நான்கு விரல் உயரம். மாடி கிடையாது.

திருத்த முடியுமா என்று இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "பணியில இருக்கிறவங்கதான் திருத்தலாம் சார். நீங்க ரிட்டயர் ஆகி இருபத்தோரு வருஷம் ஆச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. விதி அதுதான்.

மறுவாரம் நானும் தங்கை மகளும் என் தங்கை வீட்டுக்குப் போனோம். தங்கையின் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு வருடமாக அவருக்கு ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. மகளைப் பார்த்ததும் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"ஆடுதும்மா."

அவள் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, சட்டத்தை நெஞ்சோடு அணைத்து, முறுக்கித் திருப்பிக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, "கடைக்காரம்மாவா? நல்லா இருக்கணும்" என்றார்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நகலை அம்மாவின் முன்னால் வைத்தாள். "மாடிப்படின்னு போட்டிருக்கும்மா. அந்த வீட்ல மாடிப்படி எங்க இருந்துச்சு?"

தங்கை காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது அண்ணன் கையெழுத்தில்ல? உன் மாமா ஒரு புள்ளிய மாத்தி வைக்கமாட்டாரு. அவரே எழுதியிருக்காரு, இன்னும் என்னடி?" என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லுண்ணே."

"இல்லம்மா. அந்த வீட்ல மாடிப்படி இல்ல" என்றேன்.

"அப்ப ஏன் எழுதின?"

காகிதத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"அவரு இருக்கிற நிலமையப் பாருங்க. ஒரு வாய் சோறுகூடத் தானா சாப்பிட முடியல. இப்ப வந்து பஞ்சாயத்து வைக்கிறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் தங்கை. காகிதத்தை நான்காக மடித்து மகளின் பையில் தானே வைத்தாள். "காபி ஆறுது, குடி."

மகள் காபியைக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கிளம்பினோம்.

பேருந்து நிறுத்தத்தில் பதினோரு நிமிடம் நின்றோம்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"இத்தன வருஷமும்?"

"இத்தன வருஷமும்."

அவள் தலையாட்டினாள். "ஒருத்தர் சொன்னா போதும்னு இருந்தேன். சொல்லிட்டீங்க. இத இப்ப எங்க வைக்கிறதுன்னு தெரியல." சற்றுப் பொறுத்து, "அன்னிக்கு நான் அழுதேனா?" என்றாள்.

"இல்ல. சத்தமே இல்ல. நீலக் கவுன் போட்டிருந்த. ஒரு கால்ல செருப்பு இல்ல. ஒரு கையால இன்னொரு கையத் தாங்கிப் பிடிச்சிட்டு நின்ன."

"உங்களப் பாத்தேனா?"

"பாத்த. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்த."

"முடிச்சிட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

"அடுத்து நின்னவங்க பேரக் கேட்டு எழுதினேன்."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர்கிட்ட இதச் சொல்லலாமா?"

"சொல்லு. நான்தான்னு சேத்தே சொல்லு."

பேருந்து வந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏறினாள். ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும் உட்காராமல், எனக்கு முதுகைக் காட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையைத் தூக்கினேன். அவள் திரும்பவில்லை. வண்டி நகர்ந்தபின், தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே நின்றேன்.