நைனாவுக்கு ஃபிட்ஸ் வந்த நேரமெல்லாம் எந்த ஆப்ல இருக்கு?

இன்னைக்கு நைனாவை, அதான் எங்கப்பாவைக் கூட்டிக்கினு நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "போன தடவை பார்த்ததுக்கு அப்புறம் ஃபிட்ஸ் எத்தனை தடவை வந்துச்சி? ஒவ்வொரு தடவையும் எவ்ளோ நேரம் இருந்துச்சி?"

எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஆனா மூணு ஆப்ல.

முதல் ஆப் பாஸ்வேர்டு கேட்டுச்சி. மறந்துட்டேன்.

ரெண்டாவது, இலவச மாசம் முடிஞ்சிடுச்சின்னு பழசையெல்லாம் பூட்டி வச்சிருந்துச்சி.

மூணாவது, நாம பேசினா அதுவே எழுதிக்கும்னாங்க. தமிழும் தெலுங்கும் கலந்து நான் பேசினதை அது எழுதியிருந்த லட்சணத்துல, நைனா எப்போ விழுந்தாருன்னு எனக்கே புரியல.

வெளியில அத்தனை பேர் காத்துக்கினு இருக்காங்க.

"சரியா தெரியாம மாத்திரையைக் கூட்ட முடியாதும்மா"ன்னாங்க டாக்டரம்மா.

நைனா என் முகத்தையே பார்த்துக்கினு இருந்தாரு.

அப்போ சித்தூர்ல இருக்கிற தங்கச்சிகிட்டேயிருந்து மெசேஜ்: "அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

திறந்தா, அதுக்கு மேல, ஒவ்வொரு தடவையும் பயந்துபோய் நான் அவளுக்கு அனுப்பினது வரிசையா இருக்கு. "மறுபடியும் வந்துடுச்சிடி." "இப்போதான் நின்னுச்சி." எல்லாம் தேதி, நேரத்தோட.

டாக்டரம்மா போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்து, மருந்தை மாத்தி எழுதினாங்க.

எழுதினதைக் கேட்ட நேரத்துல காட்டுற ஆப் ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா. ஒவ்வொரு தடவையும் தங்கச்சியைப் பயமுறுத்திக்கினே இருக்க முடியுமா?