சூட்டில் இறக்கிய காற்று

போன மாதம் என் கூடப்பிறந்த அக்காவின் மகன், வங்கியில் வேலை செய்கிறவன், தன் புதுக் காரில் எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வவுனியாவில் புறப்பட்டபோது தார் இளகுகிற வெயில். மறுநாள் காலை தங்கிய வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணியதும் அவனுக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன லைற் எரிந்தது. "ரயருக்குக் காத்துக் காணாதாம்" என்றான். நான் பதறிப்போய், "நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு!" என்று கத்திவிட்டேன். பின்னால் இருந்த என் மனைவிக்கு நெஞ்சு அடைத்துவிட்டதாம், இன்றைக்கும் திட்டுகிறாள்.

"ஒண்டுமில்லை மாமா. குளிருக்கு ரயருக்குள்ள காத்துச் சுருங்கும். ஓடிச் சூடேறினா லைற் தானா நிண்டிடும். எண்டாலும் நீங்கள் பயப்பிடுறியள், ஒருக்கா அளந்து அடிச்சுக்கொண்டு போவம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டான். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு முழுப் பயணம் தேவைப்பட்டது. அந்தப் பயணத்தின் விலையை வேறொருவர் கொடுத்தார்.

காற்றடிக்கிற இடத்தில் வேலை செய்த பையன் வால்வின் மூடியைக் கழற்றினான். ஸ்ஸ் என்று கொஞ்சம் காற்றுச் சீறியது. பழைய ரப்பரும் பௌடரும் கலந்த அந்தப் புழுங்கல் மணம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எங்களுக்கு அது சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையின் மணம். வன்னிக்குள் ஒரு சைக்கிள் ரியூப் வந்து சேருவது குதிரைக் கொம்பாக இருந்த நாட்கள் அவை. அப்பாவின் சைக்கிள் ரியூபில் பதினொரு ஒட்டு. ஒட்டுக்கு மேல் ஒட்டு. மத்தியான வெயிலில் சைக்கிளை நிறுத்தினால் உள்ளே காற்று உப்பும், ஒட்டு இளகும், டமார்! பிறகு ஐயோ என்று தலையில் கை வைப்பதுதான். ஆகவே எங்கே போய் இறங்கினாலும் நாங்கள் முதலில் செய்கிற வேலை, குனிந்து வால்வை அமத்திக் கொஞ்சக் காற்றை இறக்குவது. செத்த வீட்டுப் படலையில், நிவாரண வரிசையில், கோயில் வீதியில், எங்கே பார்த்தாலும் ஸ்ஸ், ஸ்ஸ். திரும்பிப் போகும்போது யாரிடமாவது காற்றடிக்கிற பம் இரவல் வாங்கி அடித்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் பம் வைத்திருந்த ஆளுக்குக் கலியாண வீடுகளில் முதல் பந்தியில் இடம் கிடைத்தது. சிரிக்காதீர்கள், உண்மை.

சண்டை முடிந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்தோம். சைக்கிளும் இல்லை, அப்பாவும் இல்லை. வால்வை அமத்துகிற பழக்கம் மட்டும் என் பெருவிரலில் மிச்சமிருந்தது.

பாதை திறந்த இரண்டாம் வருடம் நான் கிளிநொச்சியில் ஒரு கடைக்காரரின் வானை வாடகைக்கு ஓட்டத் தொடங்கினேன். கிழட்டு வான். காற்று அளக்கிற கருவியெல்லாம் கிடையாது. காலால் ஒரு உதை, பெருவிரலால் ஒரு அமத்தல், அவ்வளவுதான் அளவை. மத்தியானத்தில் எங்கே நிறுத்தினாலும் நான் நாலு ரயரிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்று இறக்கினேன். சைக்கிளுக்குச் சரியென்றால் வானுக்கும் சரிதானே என்பது என் விஞ்ஞானம். வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடும்வரை ஒன்றும் நடக்கவில்லை. இங்கேயும் வெயில், அங்கேயும் வெயில். ஒன்றும் நடக்காததால் நான் என்னைப் பெரிய விண்ணன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் பாக்கியமக்கா வான் கேட்டு வந்தார். எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த பக்கம் குடியிருந்தவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து புருசனோடு வன்னிக்கு வந்தவர். எங்கள் வயலில் எத்தனையோ வருடம் நாற்று நட்டிருக்கிறார். வரும்போது தாயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தாராம். பிறகு பாதை மூடியது, திறந்தது, மூடியது. கடைசியாகத் தாயின் முகத்தைப் பார்த்தபோது பாக்கியமக்காவின் மகன் ரவி பிறந்திருக்கவில்லை. ரவிக்கு இப்போது மீசை.

அன்று காலை தோட்டத்திலிருந்து அக்காவின் அண்ணன்காரர் போன் பண்ணியிருந்தார். அக்கா என்னிடம் சொன்னார்:

"தம்பி, அம்மாவுக்குக் கடுமையாம். என்ரை பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடக்குதாம். பேச்சு இருக்கேக்க ஒருக்காப் போய்ச் சேந்திடோணும்."

பேச்சு இருக்கும்போது. அதுதான் அவர் கேட்டது. பத்தரை மணிக்குப் புறப்பட்டோம். ரவிக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை, ஆகவே அக்கா தனியே வந்தார். பின்னால் இரண்டு மூட்டை அரிசி, ஒரு பெட்டி பனங்கட்டி. தோட்டத்தில் அரிசி விலை கூட என்று அக்கா விடாப்பிடியாக ஏற்றியிருந்தார்.

மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். உச்சி வெயில். வழக்கம்போலக் குனிந்து ரயரைத் தொட்டேன், கை சுட்டது. அமத்தினேன். ஸ்ஸ். நாலையும் முடித்துவிட்டு, வானின் கூரையில் ஏறி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஸ்பெயர் ரயரிலும் இறக்கினேன். அவ்வளவு கவனமான ஆள் நான்! பக்கத்தில் ரயர் ஒட்டுகிற கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கை பயணம்?"

"நுவரெலியாப் பக்கம்."

"அப்ப ஏன் ஓடிவந்த சூட்டில காத்து இறக்குறியள்? அங்கை குளிருக்கு ரயர் வத்திப்போகும். பாரம் வேறை. ஏறியிருங்கோ, அடிச்சு விடுறன். காசு வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். "வன்னி வெயிலைப் பற்றி எனக்கு நீர் படிப்பிக்கப் போறீரோ? ரயர் வெடிச்சா நீர் வந்து தூக்குவீரோ?"

அந்த மனிதர் உள்ளே போய்விட்டார். பாக்கியமக்கா வானுக்குள் இருந்தபடி, "தம்பிக்குத் தெரியும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இருட்டில் மலை ஏறக் கூடாது என்பது வான் முதலாளியின் கட்டளை. பின்னேரம் கம்பளையில் அக்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியப் புறப்பட்டோம். குளிரில் விரல் மடங்கவில்லை. பின் ரயர்கள் பிதுங்கி நின்றன. பார்த்தேன், ஓம், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அரிசிப் பாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

புசல்லாவை தாண்டி, தேயிலை தொடங்குகிற வளைவுகளில் ரப்பர் கருகுகிற மணம் வந்தது. யாரோ ரயர் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் வான் ஒரு பக்கமாக இழுத்தது. பின் ரயர் கிழிந்து தொங்கியது. சரி, ஸ்பெயர் இருக்கிறதே என்று மாற்றினேன். ஜாக்கை இறக்க இறக்க அது நசிந்து நசிந்து, கடைசியில் இரும்பு றிம் றோட்டில் போய் இருந்தது. என் பெருவிரல் மாங்குளத்தில் செய்த வேலை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நடு றோட்டில், மூடுபனித் தூறலுக்குள், சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று அழுதேன். அக்கா அதை மழைத்தண்ணி என்று நினைத்திருப்பார்.

மரக்கறி லொறியொன்றில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பவும் புசல்லாவைக்குப் போனேன். கடை திறக்கும்வரை வாசலில் குந்தியிருந்தேன். காற்றடித்து, பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது அக்கா சுவெற்றர்கூட இல்லாமல் வானுக்குள் ஒடுங்கிப்போய் இருந்தார். கையில் போன். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது.

"பரவாயில்லை தம்பி. மலை றோட்டெண்டா இப்பிடித்தான். நீர் நனைஞ்சு போனீர்."

எட்டு மணிக்குப் போயிருக்க வேண்டிய தோட்டத்து லய வீட்டுக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன்காரர் வாசலுக்கு ஓடி வந்தார்.

"எட்டரை வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டிருந்துச்சு பாக்கியம். புள்ள குளுருல வர்றா, தேத்தண்ணி ஊத்தி வைங்கடான்னு சொன்னுச்சு. அப்புறம் பேச்சே இல்ல."

உள்ளே மரக் கட்டிலில் சின்ன உடம்பு. கண் திறந்திருந்தது. அக்கா குனிந்து, "அம்மா, நான் பாக்கியம், வந்துட்டேன்ம்மா, பாரும்மா" என்று வன்னித் தமிழை மறந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கண் அவரைத் தாண்டிக் கூரையைப் பார்த்தது. மூடி வைத்திருந்த கோப்பையைத் திறந்து, ஆடை படிந்த அந்த ஆறின தேத்தண்ணியை அக்கா ஒரே மூச்சில் குடித்தார். நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். பின்னேரம் எல்லாம் முடிந்தது.

வரும் வழியில் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன். தம்புள்ளையில் வாயெடுத்தேன், வவுனியாவில் வாயெடுத்தேன், கனகராயன்குளத்தில் அக்கா நித்திரையாகிவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்லவேயில்லை. கோழை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

அதைவிடக் கொடுமை, அக்கா அந்தப் பயணத்தைக் கதையாகச் சொல்லத் தொடங்கியதுதான். என் அம்மாவிடம், வயலில், தண்ணீர்க் குழாயடியில். "ரயர் வெடிச்சும் இந்தத் தம்பி என்னை விடேல்லை. மழைக்குள்ள சக்கரத்தைச் சுமந்துகொண்டு போச்சுது. இல்லாட்டி நான் அம்மாவை உயிரோடை பாத்திருக்க மாட்டன்." ஒவ்வொரு முறையும் மழை கூடியது. சக்கரத்தை நான் சுமந்த தூரமும் கூடியது. புதுநெல் வந்தால் முதல் அரிசி எங்கள் வீட்டுக்குத்தான். நான் அதைச் சாப்பிட்டேன்.

இந்த வருடம் மாசியில் பாக்கியமக்கா போய்விட்டார். அந்த மாங்குளத்துக் கடையும் இல்லை, றோட்டை அகலமாக்கியபோது எடுத்துவிட்டார்கள். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று ஒருநாள் தேடினேன், யாருக்கும் தெரியவில்லை.

செத்த வீட்டில் ரவி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மலையகத்திலிருந்து வந்திருந்த சனத்துக்கு முன்னால் கதிரையில் இருத்தினான். "அம்மம்மான்ர உயிர் போக முதல் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேத்தது இவர்தான்" என்றான். கிழட்டு அண்ணன்காரர் எழும்பி என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அது அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டியது பாக்கியமக்காவிடம். அவர் கேட்டிருப்பார், திட்டியிருப்பார், பிறகு ஒருவேளை மன்னித்துமிருப்பார். அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒரே ஆளைத்தான் நாங்கள் அன்று பின்னேரம் தூக்கிக்கொண்டு போனோம், நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்து.