சுபாஜினிக்கு வராத முதுசம்

சாவகச்சேரி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் சுபாஜினி காணி உறுதிகள் தட்டச்சு செய்கிறாள். தகப்பனின் தோட்டம் மகளுக்கு, தாயின் வளவு மகனுக்கு என்று ஊராரின் முதுசமெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கைமாறுகிறது. அவள் வீட்டு முதுசம் மட்டும் அவளை விட்டுவிட்டுத் தங்கைக்குப் போனது.

அது காணி இல்லை, மந்திரம். தகப்பன் மார்க்கண்டு, பிள்ளைகளுக்குக் கண்பட்டால் நாவூறு பார்க்கிறவர். வீறிட்டழுகிற பிள்ளைக்குத் திருநீறு போட்டு அவர் முணுமுணுத்தால் பிள்ளை அடங்கிவிடும். அந்த மந்திரத்தை மூத்த பிள்ளைதான் எடுக்கவேண்டும். அதுவும் கிரகணத்தன்று, கோவில் கேணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று. சுபாஜினியின் பதின்மூன்றாவது வயதில் சூரிய கிரகணம் வந்தது. அன்று காலை பார்த்து அவளுக்கு மாதவிலக்கும் வந்தது. மறைக்கத் தெரியாத பிள்ளை, தாய் பாலேஸ்வரியிடம் போய்ச் சொன்னாள். அந்தத் துடக்கோடு கேணியில் இறங்க விடுவார்களா? இன்னும் பெரியபிள்ளையாகாத இளையவள் கீர்த்திகாவைக் கூட்டிக்கொண்டு மார்க்கண்டு போய்விட்டார். அடுத்த கிரகணம் வருமுன் அவரும் கண்ணை மூடிவிட்டார்.

இப்போது அழுகிற பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் படலை திறந்துவிடுவது சுபாஜினியின் வேலை. "தங்கச்சி குளிக்கிறாள், இருங்கோ" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். உள்ளே பற்றி எரியும்.

எரிச்சல் வந்தால் மற்றவர்கள் சட்டி பானையைப் போட்டு உடைப்பார்கள். இவள் நாவல் எழுதினாள். இளையோருக்கான மாயக்கதை. அதில் வருகிற பெண்ணுக்குப் பரம்பரைச் சக்தி எப்போது வருகிறது தெரியுமா? அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட அன்றைக்கு! பாட்டன் பூட்டனெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கேணித் தண்ணீர் முழுவதையும் ஆகாயத்துக்குக் கிளப்புகிறாள். கீர்த்திகா வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, உதெல்லாம் எனக்கு ஏலாதப்பா. எனக்குத் திருநீறு மட்டுந்தான்."

நூல் வெளியீடு சனசமூக நிலையத்தில் நடக்க இருந்தது. முதல்நாள் மழையில் அதன் கூரை ஒழுகத் தொடங்க, நிர்வாகத்தார் விழாவைக் கோவில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை சேலை உடுத்தப் போன சுபாஜினி, குளியலறையிலிருந்து முகம் வெளிறி வந்தாள். மாதவிலக்கு வருகிற நாள் அதுவல்ல. அது அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

"அம்மா, நான் மண்டபத்துக்குப் போகேலாது."

பாலேஸ்வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மகளை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"வாயை மூடிக்கொண்டு வா பிள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் வந்திட்டினமாம். ஆருக்குத் தெரியப்போகுது?"

சுபாஜினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். செத்தவீட்டுத் துடக்குக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் அடுப்படிக்குள் கால் வைக்காத மனுசி சொல்கிற கதையா இது?

"உதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

எந்த அன்றைக்கு என்று பாலேஸ்வரி கேட்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

"அண்டைக்குக் கொப்பர் இருந்தவர். அவருக்குப் பயந்தனான்."

பாலேஸ்வரி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் எடுக்கோணும் எண்டு அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிருந்தனான். நீ ஓடிவந்து சொன்ன உடனை, இவள் ஏன் என்னட்டைச் சொன்னவள் எண்டுதான் எனக்கு முதல் மனசிலை வந்தது. ஆனா கேட்டாப் பிறகு கேளாத மாதிரி இருக்க எனக்குத் துணிவு வரேல்லை."

சுபாஜினிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும், தான் எடுக்கவேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தருமே ஆசைப்படவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மந்திரம் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

முகத்தைக் கழுவிச் சேலையை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுக்குக் கால் பின்வாங்கியது. பாலேஸ்வரி மகளின் கையைப் பிடித்தாள். தான் முதலில் படியேறி, அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.