முனிகிருஷ்ணன் மாற்றிய அளவு

முனிகிருஷ்ணனிடம் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அந்த மூன்று வருஷத்தில் ஒரு போனைக்கூட அவன் தன் கையால் எடுத்துச் சோதித்து நான் பார்த்ததில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், செல்போன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் லைன் லீடர். சத்தியவேட்டுப் பக்கத்து ஆள். கல்யாணப் பந்தியில்கூடக் கம்பெனி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருகிற ரகம்.

எங்கள் லைனில் பிளெஸ்ஸி என்று ஒரு பெண். சித்தூர்க்காரி, ஐ.டி.ஐ. முடித்தவள். போனின் சிக்னல் சக்தியைச் சோதிப்பது அவள் வேலை. போனை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடுவாள். உள்ளே இருக்கும் கருவி, டவர் மாதிரி போனுக்கு உத்தரவு கொடுக்கும். குறை என்றால் போன் தன் சக்தியைக் குறைக்க வேண்டும், கூட்டு என்றால் கூட்ட வேண்டும். டவர் பக்கத்திலேயே இருக்கும்போதும் முழுச் சக்தியில் அனுப்புகிற போன் சூடாகும், பேட்டரியைத் தீர்க்கும், அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்களின் அழைப்பையும் கெடுக்கும். சொன்னபடி கேட்கும் போனுக்குத் திரையில் பச்சை வரும். கேட்காததற்குச் சிவப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்துக்கு நாலு சிவப்பாக வந்தது. பிளெஸ்ஸி லைனை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"சார், குறைன்னா குறைய மாட்டேங்குது. புதுசா வந்த சில்லுலதான் ஏதோ கோளாறு."

"பெட்டியைத் தொடச்சிப் பாத்தியா?"

"பெட்டியையே மாத்திப் பாத்தேன் சார்."

முனிகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அவனுக்கு வேறு கவலை ஏதும் கிடையாது. அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கணினியில் தன் பாஸ்வேர்டைப் போட்டு, எவ்வளவு குறைந்தால் பச்சை என்ற அளவைத் தளர்த்தினான். அதே போனை மறுபடி வைக்கச் சொன்னான். பச்சை.

"ஏம் பர்லேதும்மா, ஒண்ணும் பரவால்ல, சரியாப் போச்சி பாரு" என்று பல்லைக் காட்டினான்.

"போன் அப்படியேதான் இருக்குது சார். பரீட்சையைத்தான் சுலபமாக்கிட்டீங்க."

மறுநாள் அவளை பேக்கிங் லைனுக்கு அனுப்பிவிட்டான். அடுத்த மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்டுகிற தகுதி எனக்குக் கொஞ்சம் கம்மிதான்.

இரண்டு மாதம் கழித்து, கடைகளிலிருந்து போன்கள் திரும்பி வந்தன. காதில் வைத்தால் சுடுகிறது, மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்கிறது என்று புகார். தலைமை அலுவலகத்திலிருந்து காவ்யா என்ற இன்ஜினியர் விசாரிக்க வந்தார். முனிகிருஷ்ணன் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு புதுசு மேடம். வேலையே தெரியாது. எதையோ அமுக்கி வெச்சிருக்கும்."

பிளெஸ்ஸியை வரச்சொன்னார்கள். அவள் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை.

"பழைய அளவைப் போடுங்க மேடம். திரும்பி வந்த போனை உங்க முன்னாடியே வெச்சிக் காட்டுறேன்."

ஐந்து போன் வைத்தாள். ஐந்தும் சிவப்பு. அளவை மாற்றியது யார் என்று காவ்யா கணினியில் தேடினார். முனிகிருஷ்ணன் பெயர் வந்தது. அப்போது அவன் சொன்ன பதில் இது.

"பாஸ்வேர்டை எழுதி மேசையில ஒட்டி வெச்சிருந்தேன் மேடம். யாரு வேணா போட்டிருக்கலாம்."

அயோக்கியன் என்ற பெயரிலிருந்து தப்பிக்க, முட்டாள் என்ற பெயரைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இவருதான் மாத்தினாரு மேடம். பக்கத்துல உக்காந்துக்கினு நான் பாத்தேன்" என்றேன்.

"சீனு, நீயுமாடா?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அவனிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பிளெஸ்ஸி பழைய இடத்துக்கே திரும்பினாள்.

போன மாதம் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் நானும் பிளெஸ்ஸியும் அவனைப் பார்த்தோம். யாரோ ஒருவரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"அங்க நேர்மைக்கு மதிப்பில்ல நைனா. நானே வேணான்னு உதறிட்டு வந்துட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை நோக்கி இரண்டடி வைத்தேன். பிளெஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பஸ் வந்துட்ச்சிண்ணா, சீக்கிரம் வாங்க. சீட்டு கெடைக்காது" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.