ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை

எங்கள் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போன வாரத்தில்தான் எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் குடிசைகளை எடுக்கப்போகிறார்கள், எல்லோருக்கும் ஊருக்கு வெளியே மாடிவீடு தருவார்கள் என்று பேச்சு. நம்பர் விழுந்துவிட்டால் வீடு நிச்சயம் என்று அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கூடவே லாரி ஏறி வராது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அடையாறில் வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறுவர் நூலகம் நடத்தினார்கள். எங்கள் பள்ளிக்கு வந்து புத்தகம் கொடுப்பார்கள். படித்துவிட்டு, கதையை மேடையில் சொல்ல வேண்டும், பரிசு உண்டு. போர் நடக்கும் நாடுகளில் வளரும் பெண்பிள்ளைகள் என்பது அந்த வருஷத்துத் தலைப்பு. எல்லாம் எங்கெங்கோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்த இளையோர் நாவல்கள். எந்த அட்டையை எடுத்தாலும் முக்காடு போட்ட ஒரு சிறுமி பெரிய கண்களால் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள். “நாமெல்லாம் எவ்ளோ குடுத்து வெச்சவங்கன்னு இதப் படிச்சாத்தான் தெரியும் கண்ணா” என்றார் நூலகத்து மேடம். நான் அதை முழுசாக நம்பினேன். எங்கள் தலையில் குண்டு விழவில்லையே.

எனக்கு வந்த நாவலில் நாட்டின் பெயர் வாயில் நுழையவில்லை. ஒரு சிறுமியின் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுகிறது. இடிபாட்டிலிருந்து அவள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு எல்லை தாண்டி அகதி முகாமுக்குப் போகிறாள். அங்கே தினமும் காலையில் கூடாரத்துக்கு வெளியே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள். ஆள் இல்லாத பெயர்களுக்கெல்லாம் அவளே ‘உள்ளேன்’ சொல்கிறாள்.

அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் அழுதேன். அழுகை வரவேண்டும் என்பதற்காகவே திரும்பத் திரும்பப் படித்தேன்.

சத்தமாகப் படித்துப் பழகினால் மேடையில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மா இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மா மேற்கு மாம்பலத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். மிச்சமிருந்தது அக்கா. பத்தாம் வகுப்பு. என்னைவிட நன்றாகப் படிக்கிறவள், ஆனால் அவள் கை ஒழிந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர், சோறு, துணி. இப்போது சாமான் கட்டும் வேலையும் சேர்ந்துகொண்டது. அரிசி டிரம்மில் முதலில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத்தான் அடுக்கினாள். அதற்கு மேல்தான் குண்டான்களும் தட்டுகளும். அவள் கட்டிக்கொண்டிருக்க, நான் எதிரில் உட்கார்ந்து படித்தேன்.

“இருடா இரு. அந்த டென்ட்டுலர்ந்து இஸ்கூலு எவ்ளோ தூரம்?” என்றாள்.

“அதெல்லாம் போடல.”

“பஸ்ஸு கீதா?”

“முகாமுல எப்டி பஸ் வரும்? லூசா நீ?”

“அவளுக்குன்னு பாத்ரூமு? கதவு வெச்சதா கீதா? மாசாமாசம் இன்னா பண்ணுவா அந்தப் பொண்ணு?”

எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சிறுமி செத்துப்போன தோழியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இவள் பாத்ரூம் கேட்கிறாள்.

“சரி, அந்த நோட்டுல பேரு கீதில்ல? அத காமிச்சா பரிச்ச எய்த வுடுவாங்களா?”

“கதையில பரிச்சயே இல்ல.”

“எய்துன ஆளு அத வுட்டாருபாரு” என்று சொல்லிவிட்டு டிரம்மின் மூடியைத் தட்டி இறக்கினாள்.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயரும் பள்ளியிலிருந்து போயிருந்தது. நாலு மாதத்தில் தேர்வு. அதை வைத்துத்தான் வீட்டில் சண்டை. “புது எடத்துலர்ந்து இருட்டோட பஸ் ஏறணும். வயசுப் பொண்ண எப்டிம்மே அனுப்புறது?” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். “என் பேரு போயிட்ச்சு நைனா” என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். “பேரு எங்க போவும்? அட்த்த வருசம் எய்திக்கலாம்” என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. தேர்வு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

கதை சொல்லும் போட்டி அடையாறில், ஏசி மண்டபத்தில். எனக்கு முன்னால் பேசிய பிள்ளைகளெல்லாம் காரில் வந்தவர்கள். மேடையேறியதும் கதையின் நடுப்பகுதி எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. கீழே யாரோ இருமினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், “இந்தக் கதைய எங்க அக்காகிட்ட சொன்னேன். அது இன்னா கேட்டுச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். அக்காவைப் போலவே இடுப்பில் கை வைத்து, “பஸ்ஸு கீதா? பாத்ரூமுக்குக் கதவு கீதா?” என்று நடித்தேன். மண்டபம் கலகலவென்று சிரித்தது. நான் அதுவரை கேட்டிராத சிரிப்பு அது, எனக்காக மட்டும். தைரியம் வந்து மீதிக் கதையும் வந்துவிட்டது. கடைசியில் பதிவேட்டுப் பெயர்களைக் கூப்பிட்டு நான் அழுதபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். முதல் பரிசு எனக்கு.

பரிசு கொடுத்த கையோடு மேடம் என்னைத் தனியே அழைத்துப்போய் பிஸ்கட் கொடுத்தார். எங்கள் பகுதியை எடுப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் போகிற வீடுகளின் பிள்ளைகள் நடுவருஷத்தில் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று அசோக் நகரில் ஒரு விடுதி பார்த்திருக்கிறார்களாம். பெண்பிள்ளைகளுக்குக் கீழ்வீடு, பையன்களுக்கு மாடி. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை.

“உங்க வீட்ல அக்கா இருக்காங்கல்ல? அவங்களுக்குப் படிப்புல ஆர்வம் உண்டா?”

நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னேன்: “இல்ல மேடம். அதுக்கு புக்குன்னாலே புடிக்காது.”

மேடம் சிரித்தார். “ஆமா, அதான் மேடையிலயே சொன்னியே.”

அன்று நான் பொய் சொன்னேனா, சொன்னதை நம்பினேனா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று அவர் சொன்ன பிறகுதான் நான் வாயைத் திறந்தேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கதை பிடிக்காதவளுக்குப் படிப்பு எதற்கு என்ற நியாயமும் எனக்கு அப்போது கைவசம் இருந்தது.

நான் அந்த விடுதியில் தங்கிப் படித்தேன், பிறகு கல்லூரி போனேன், இன்று தி. நகரில் மேஜை நாற்காலி போட்ட வேலை. இப்போதும் அந்த வகை நாவல்களை வாங்கிப் படிக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் எங்கோ ஒரு நல்ல பெண்மணி அந்தச் சிறுமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். அக்கா அந்த வருஷம் தேர்வு எழுதவில்லை. அடுத்த வருஷமும் எழுதவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம்.

வீட்டை எடுத்த அன்று அப்பாவும் அம்மாவும் தகர ஷீட்டுகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷீட்டை விட்டுப் போனால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். அதனால் என்னை விடுதியில் கொண்டுவிட அக்காதான் வந்தாள். அவள் போட்டிருந்தது பள்ளிச் சீருடை. நல்ல துணி எல்லாம் மூட்டையில் போய்விட்டது என்றாள். வழி முழுக்க என் தகரப்பெட்டியை அவளே தூக்கினாள்.

வாசலில் மேடம் நின்றிருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டாள். வார்த்தைகளைத் தேடித் தேடி, பள்ளிக்கூடத் தமிழில் கேட்டாள்.

“மேடம், பெண்பிள்ளைகளுக்கு இடம் இருக்குதா? நான் பத்தாவது. பரீட்சை முடியிற வரைக்கும் போதும். தரையில படுத்துக்குவேன்.”

மேடத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அடடா. முதல்ல உன்னத்தாம்மா நெனச்சோம். தம்பிகிட்டயே கேட்டேன். உனக்குப் படிப்பு புடிக்காதுன்னு சொன்னானே? அப்படி இல்லயா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெட்டியின் கொண்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“தப்பா சொல்லிட்டானா? தயங்காம சொல்லும்மா. இன்னும் ரிஜிஸ்டர்ல ஏத்தல. வேணும்னா மாத்திடலாம்.”

“இல்ல மேடம்” என்றாள் அக்கா. “அவன் சொன்னது நெசந்தான். எனக்குப் படிப்பு ஏறாது. சும்மா கேட்டுப் பாத்தேன்.”

பிறகு குனிந்து என் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டு, “யார்கிட்டயும் வம்பு வளக்காத. சோத்த மிச்சம் வெக்காத” என்றாள். லாரி கிளம்பிவிடும் என்று வேகமாக நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய்யாகிவிடவில்லை, அக்காவே ஒத்துக்கொண்டாள் என்று எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மேடத்தின் பின்னால் படியேறும்போது, ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டேன்.