குழாய்க்குள் ஊதப்போனவர்

போர் முடிந்த மறுவருடம், வயல் வட்டைக்குள் இறங்கும் பன்றிகளை விரட்டவென்று என் கணவர் வவுணதீவில் ஒரு பழைய இடியன் துவக்கு வாங்கிவந்தார். முற்றத்தில் குழாய் வாயால் வெடிமருந்தை இடித்து நிரப்பி, பொறி தட்டும் கேப்பு வைத்து, விசையை இழுத்தார். கேப்பு மட்டும் டிக்கென்றது. துவக்கு வெடிக்கவில்லை. பொறி போகும் துவாரம் அடைத்திருக்கிறதாம், துவக்கை நிமிர்த்தி வைத்து, குழாய்க்குள் ஊதக் குனிந்தார் அந்த நிபுணர்.

"இஞ்சேருங்க, பொறுங்க. மருந்து உள்ளுக்கதானே கிடக்கு!"

"படிச்ச பொம்பிளைக்குத் துவக்கும் தெரியுமோ? போய்ப் புள்ளையப் பாரு."

நான்தான் பிழையோ என்று வழக்கம்போலத் தயங்கினேன். ஆனாலும் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு, அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அப்போதுதான், உள்ளே கனன்றுகொண்டிருந்த பொறி பிடித்து, துவக்கு வெடித்தது. முருங்கைக் கிளையொன்று முறிந்து விழுந்தது.

"பாத்தியா, துவக்கில ஒரு பிழையுமில்லை!" என்றார், மண்ணில் கிடந்தபடியே.

இந்த முகத்துக்காகவா பதறினேன் என்றிருந்தது. அன்றிலிருந்து, பயப்படுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.