நாயைத் தவிர எல்லாத்தையும் அளந்தாங்க

துணி தைக்கிறவனுக்கு இல்லாத ஒரு சவுகரியம் கூண்டு செய்யிறவனுக்கு உண்டு: உள்ள போகப்போறது வாயைத் தொறந்து 'இறுக்குது'ன்னு சொல்லாது. நான் செவிலிமேட்டுல கிரில் பட்டறை வெச்சிருக்கேன். கேட், ஜன்னல்னு செஞ்சுக்கினு இருந்தவன், ஊர்ல கன்னுக்குட்டி சைஸ் நாய் வளக்குற மோகம் வந்ததும் நாய்க்கூண்டும் செய்ய ஆரம்பிச்சேன். டைலரோ, தச்சரோ, கொத்தனாரோ, அடுத்தவன் சொல்ற அளவுக்கு வேலை செஞ்சு வயிறு எரியிற எல்லாருக்கும் இதைச் சொல்றேன். உங்களுக்குத்தான் புரியும்.

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நாய் உள்ள தலை நிமிர்ந்து நிக்கணும். இடிக்காம ஒரு சுத்து சுத்தணும். காலை நீட்டிப் படுக்கணும். இந்த மூணும் முடியலைன்னா அது கூண்டு இல்ல, பொட்டி. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்.

டிக்கி அளவு

செயின்ட் பெர்னார்டு நாய்க்குக் கூண்டு வேணும்னு ஒருத்தர் வந்தாரு. அந்த நாய் எழுந்து நின்னா நாலு பேர் உக்கார்ற சோபா மாதிரி இருக்கும். இவர் சீட்டுல எழுதிக் கொண்டாந்த அளவைப் பாத்தா ஆட்டுக்குட்டிகூட மூச்சு முட்டும். "சார், இது நாயோட அளவா?"ன்னு கேட்டேன். இல்லையாம், கார் டிக்கியோட அளவாம். குடும்பத்தோட ஊருக்குப் போறப்ப பின்னாடி வெச்சுக்கினு போவணுமாம். நாயைக் கூட்டிக்கினு வாங்க, நானே அளந்துக்கிறேன்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"நாயையாவது ரெண்டு மாசம் சோத்தைக் கொறைச்சு இளைக்க வெக்கலாம்பா, காரை இளைக்க வெக்க முடியுமா?"

மாடிப்படிக்குக் கீழ

அவராவது போனாரு, திரும்பி வரலை. என்னை விடாமப் பிடிச்சுக்கினவர் சேகர் சார். பட்டுக்கடை முதலாளி. நம்ம பக்கத்துலயே புது வீடு கட்டி, கிரேட் டேன் குட்டி ஒண்ணு வாங்கினாரு. சீசர்னு பேரு. மூணு மாசக் குட்டி, காலும் காதும் மட்டும் பெருசு. என் டேப்போட நுனியைக் கவ்விக்கினு வுடவே இல்ல. எனக்கு அப்பவே அதை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

மாடிப்படிக்குக் கீழ இருந்த இடத்தைக் காட்டினாரு. நீளம் மூணு அடி, உயரம் ரெண்டரை அடி. "சார், ஒரு வருஷத்துல இது என் இடுப்புக்கு வந்துடும். நாலரை அடி நீளம், நாலு அடி உயரம் போடலாம். குட்டியா இருக்கிற வரைக்கும் நடுவுல ஒரு தடுப்பு வெச்சு, வளர வளரத் தள்ளிக்கலாம்"னு சொன்னேன். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டுச் சொன்னாரு:

"ஆறு கஜம் புடவையே மடிச்சா ஒரு அட்டைப்பொட்டியில அடங்குது மணி, நாய் மடங்கிக்காதா?"

ரப்பர்

செஞ்சு குடுத்தேன். பொய் சொல்ல வேணாம், நான்தான் செஞ்சேன். நான் செய்யலைன்னா எதிர்ப் பட்டறைக்காரன் செய்வான்னு மனசுக்கு ஒரு சமாதானம். எல்லா அயோக்கியத்தனத்துக்கும் இந்த ஒரு எதிர்ப் பட்டறை போதும்.

எட்டு மாசம் கழிச்சுக் கூப்பிட்டாரு. போய்ப் பாத்தா சீசர் கூண்டுக்குள்ள கழுத்தைக் கீழ தொங்கவிட்டுக்கினு, முதுகை வளைச்சுக்கினு நிக்குது. மேல் கம்பி ஒரசி ஒரசிப் பிடரியில முடி இல்ல. முழங்கால்ல காய்ப்புக் காச்சு, சீழ் வெச்சிருக்குது. அப்பவும் என்னைப் பாத்து வாலாட்டுச்சு. வாலு கம்பியில அடிச்ச சத்தம் வீடெல்லாம் கேட்டுச்சு.

கூண்டை மாத்தத்தான் கூப்பிட்டாருன்னு நெனைச்சேன். இல்ல. வர்றவங்க கண்ணுக்குப் புண்ணு தெரியுதாம், மேல் கம்பியில ரப்பர் சுத்தணுமாம். சுத்தினேன். அதுல இருந்த உயரத்துல இன்னும் அரை இஞ்சு போச்சு. "இது நிமிரவே முடியலையே சார்"னு மட்டும் சொன்னேன்.

"நிமிந்து நின்னு என்ன பண்ணப்போவுது, கடைக்கு வந்து பட்டு விக்கப்போவுதா?"

மூணு முடிச்சுக் கயிறு

அதுக்கப்புறம் ஒரு நாள் காலையில, அந்த வீட்டுல வேலை செய்யிற செல்வி பட்டறைக்கு வந்தா. தென்னேரியிலேர்ந்து தினம் பஸ்ல வர்ற பொண்ணு. சீசருக்குச் சோறு வெக்கிறது, கூண்டு கழுவுறது எல்லாம் அவதான். கையில ஒரு நைலான் கயிறு, அதுல மூணு முடிச்சு. வீட்டுக்காரங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப நாயை வெளிய விட்டு அளந்தாளாம். முதல் முடிச்சு உச்சந்தலை உயரம், ரெண்டாவது மூக்குலேர்ந்து வால் அடி வரைக்கும், மூணாவது காலை நீட்டிப் படுத்தா வர்ற அகலம். கயித்தை டேப்புல வெச்சுப் பாத்தேன். இத்தனை வருஷத் தொழில்ல என் கைக்கு வந்த சரியான அளவு அது ஒண்ணுதான். எனக்கு வெக்கமா இருந்துச்சு.

யார் செய்யச் சொன்னா, யார் வாங்கிப்பா, எதுவும் தெரியாது. ஆனாலும் அன்னைக்கே கூண்டுக்கு ஆங்கிள் இரும்பை வெட்ட ஆரம்பிச்சேன். "உனக்கு ஏம்மா இந்த வேலை, தெரிஞ்சா திட்டுவாங்களே"ன்னு கேட்டேன்.

"நானாவது சாயங்காலம் ஆனா பஸ் ஏறிப் போயிடுறேண்ணா, அது எங்க போவும்?"

பெரிய கூண்டு

கூண்டு ரெண்டு மாசம் பட்டறையிலயே கெடந்துச்சு. சேகர் சார்கிட்ட மூணு தரம் சொன்னேன், காதுல போட்டுக்கலை. கடைசியில அவரே போன் பண்ணாரு. நாய்க்காக இல்ல. மாடிப்படிக்குக் கீழ இன்வெர்ட்டர் வெக்கணுமாம், நாயைக் கார் ஷெட்டுக்கு மாத்தணுமாம். காரணம் எதுவா இருந்தா என்னன்னு வண்டியில ஏத்திக்கினு ஓடினேன். உண்மையிலேயே சந்தோஷமா போனேன்.

ஷெட்டுல எறக்கி, கீழ ரப்பர் மேட் போட்டேன். செல்வி சீசரைக் கூட்டிக்கினு வந்தா. பின்னங்கால் ரெண்டையும் இழுத்து இழுத்துதான் வந்துச்சு. உள்ள போச்சு. நிமிரும்னு நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கினே நின்னோம். தலைக்கு மேல ஒரு அடி சும்மா கெடக்குது, அது தலையைத் தூக்கவே இல்ல. குனிஞ்சபடியே மூலைக்குப் போய், காலை எல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கினு, சரியா மூணு அடிக்குள்ள படுத்துடுச்சு. செல்வி உள்ள போய் மோவாயைப் பிடிச்சு மெதுவா தூக்கினா. கையை எடுத்ததும் தலை பழைய இடத்துக்கே எறங்கிடுச்சு. அவ அழுதா. நான் கூண்டுக் கதவு சரியா மூடுதான்னு பாக்கிற மாதிரி திரும்பிக்கினேன்.

சேகர் சார் காபி டம்ளரோட வந்து எட்டிப் பாத்தாரு.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, அதுக்கு அவ்ளோ இடம்தான் வேணும், மீதியில கார் டயரைப் போட்டுக்கலாமா?"

இத்தனை வருஷம் கூண்டு செஞ்சதுல நான் கண்டது இவ்ளோதான்: அளவு சொல்றவன் எவனும் உள்ள போய்ப் படுக்கப்போறதில்ல, வெல்டிங் வெக்கிறவனும்தான்.